பாட்டி காலத்துக்குத் திரும்பலாமா? ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியரின் பதில்

தம்பி, உங்கள் கேள்வியை நிதானமாகப் படித்தேன். உங்களுக்கு 34 வயது, சென்னையில் கணினி வேலை. போன மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை நோயின் ஆரம்பக் கட்டம் என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பாட்டியோ 91 வயது வரை மாத்திரையே தொடாமல் ஊரில் வாழ்ந்தவர். ஒன்பது பிரசவமும் வீட்டிலேயே, அதில் ஆறு பிள்ளைகள் வளர்ந்து ஆளானார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மனைவிக்கு இப்போது ஐந்தாம் மாதம். வேலையை விட்டு ஊரோடு போய்ப் பழைய சாப்பாடு, பழைய வாழ்க்கை, முடிந்தால் பிரசவமும் வீட்டிலேயே என்று இருந்துவிடலாமா, அந்தக் காலம்தான் உண்மையில் ஆரோக்கியமான காலமா என்று கேட்கிறீர்கள்.

எனக்குப் புரிந்த வரையில், நீங்கள் கேட்பது ஊருக்குப் போகலாமா என்பதை மட்டும் அல்ல. நமக்கு வந்தது நம் பிள்ளைக்கும் வந்துவிடக் கூடாதே என்ற பயம் அதற்குள் இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. அதனால் மேம்போக்காகப் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் டாக்டர் இல்லை. 18 மாதப் பயிற்சி முடித்து, 1980-களில் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து, அதே வேலையில் ஓய்வு பெற்றவள். வீடு வீடாகப் போய்த் தடுப்பூசி போடுவது, கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, பிரசவம் பார்ப்பது, இதுதான் என் பிழைப்பு. அந்த அனுபவத்துக்கு எட்டியதைச் சொல்கிறேன்.

உங்கள் கேள்வியிலேயே ஒரு வரி இருக்கிறது. ஒன்பது பிரசவம், ஆறு பிள்ளைகள். அதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. மீதி மூன்று பேர் எங்கே?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குடும்பப் பதிவேடு எழுதும்போது வயதான அம்மாக்களிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. எத்தனை பெத்தீங்க, எத்தனை இருக்கு? அவர்கள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே, "பெத்தது எட்டு, நின்னது அஞ்சுங்க" என்பார்கள். குரலில் ஒரு மாற்றமும் இருக்காது. எந்த மாசம், என்ன ஆச்சு என்று கேட்டால், "அது ஏழாம் நாளு போயிடுச்சு", "இது பல்லு முளைக்கறப்ப பேதியில போச்சு" என்று வரிசையாகச் சொல்வார்கள். பிறகு அரிசி புடைக்கப் போய்விடுவார்கள். பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இடைவெளி இருந்தது. ஒன்றிரண்டு பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில் அடுத்துப் பிறந்த குழந்தையைக் குப்பையில் போட்டு எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பெயர் வைப்பார்கள். அல்லது பிச்சை என்று வைப்பார்கள். வேண்டாத பிள்ளை என்று நினைத்து எமன் விட்டுவிட்டுப் போகட்டும் என்று நம்பினார்கள். நம் தாத்தா பாட்டி தலைமுறையில் அந்தப் பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

கணக்கும் இதையேதான் சொல்கிறது. 1971-ல் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளில் 113 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. இந்திய அளவில் அது 129. 2020-ல் தமிழ்நாட்டின் எண் 13. உங்கள் பாட்டி பிள்ளை பெற்றது 1971-க்கும் முன்னால், நிலைமை இன்னும் மோசமாக இருந்த வருஷங்களில். 1951 வாக்கில் இந்தியர்களின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம்தான். இந்த எண்ணைத் தவறாகப் புரிந்துகொள்கிறவர்களும் உண்டு. அந்தக் காலத்தில் எல்லாரும் 32 வயதில் செத்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. கைக்குழந்தையாகவே போனவர்கள் ஏராளம் என்பதால் சராசரி அவ்வளவு கீழே இறங்கியது. அந்த ஆபத்தான வருஷங்களைத் தாண்டியவர்களில் சிலர் 80, 90 வரை இருந்தார்கள். உங்கள் பாட்டி அவர்களில் ஒருவர். அவரை வைத்து அந்தக் காலத்தை எடைபோடும்போது, தேறியவர்களை மட்டும் கூப்பிட்டுப் பரீட்சை சுலபமா என்று கேட்ட கதையாகிவிடும். மற்றவர்கள் இப்போது வந்து பதில் சொல்ல மாட்டார்கள்.

"ஏழாம் நாள்" என்றேனே, அது என்ன என்று சொல்கிறேன், ஏனென்றால் வீட்டுப் பிரசவத்தோடு நேரடித் தொடர்பு உள்ளது. தொப்புள் கொடியை அரிவாளாலோ மூங்கில் சில்லாலோ பழைய பிளேடாலோ அறுப்பார்கள். அறுத்த இடத்தில் சாணிச் சாம்பலோ மண்ணோ வைப்பது பல வீடுகளில் வழக்கம். குழந்தை நாலைந்து நாள் நன்றாகப் பால் குடிக்கும். பிறகு ஒரு நாள் வாயைத் திறக்க முடியாது. தொட்டால், சத்தம் கேட்டால், விளக்கு ஏற்றினால்கூட உடம்பு வில்லாக வளையும். இதுதான் இரண ஜன்னி, அதாவது டெட்டனஸ். அந்தக் கிருமி சாணியிலும் மண்ணிலும் இருப்பது. அது கொடி வழியாக ஏறிய பிறகு கிராமத்தில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. கர்ப்பிணிக்கு இரண்டு ஊசி, கொதிக்க வைத்த நூல், புதிய பிளேடு, சோப்புப் போட்டுக் கழுவிய கை, இவ்வளவுதான் அதற்குத் தடுப்பு. அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளச் சொல்லி ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் மன்றாடியிருக்கிறோம். 2015-ல் இந்தியா இந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. என் வேலையில் எனக்குப் பெருமை தந்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பேதியும் அப்படித்தான். குழந்தைக்கு வயிற்றால் போனால் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்று பெரியவர்கள் உறுதியாக நம்பினார்கள். உள்ளதும் வற்றிக் குழந்தை போய்விடும். 1971-ல் வங்காள எல்லையில் அகதி முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பையும் சர்க்கரையையும் அளவாகக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றிக் காட்டினார். இன்று அது சில ரூபாய்ப் பொட்டலம். பெரியம்மையில் இந்தியாவின் கடைசி நோயாளி 1975-ல். போலியோவில் 2011-ல். படிக்கிணற்றுத் தண்ணீரில் இருந்து நரம்புச் சிலந்தி வரும். காலில் கொப்புளம் உடைந்து வெளியே தலைநீட்டும் புழுவைக் குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல் நாள்கணக்கில் இழுத்து எடுப்பார்கள். அந்த நோய் நம் நாட்டை விட்டுப் போய்விட்டதென்று 2000-ல்தான் சான்றிதழ் கிடைத்தது. அந்தக் காலத்துக் கிணற்றுத் தண்ணீர் சுத்தம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கால்கள்தான் ஞாபகம் வரும்.

அப்புறம் பிரசவம். இதில் நான் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன், தம்பி. பெரும்பாலான பிரசவங்கள் நல்லபடியாகவே முடியும். அது உண்மை. அதனால்தான் வீட்டில் பார்த்தால் என்ன என்ற எண்ணமே வருகிறது. ஆனால் எந்தப் பிரசவம் சிக்கலாகும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்த பெண்ணுக்கு, குழந்தை பிறந்து நஞ்சுக்கொடியும் விழுந்த பிறகு கர்ப்பப்பை சுருங்காமல் போகலாம். நிறை மாதத்தில் நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கர்ப்பப்பைக்கு ஓடுகிறது. அது சுருங்கி ரத்தக் குழாய்களை இறுக்கினால்தான் ரத்தம் நிற்கும். இறுக்காவிட்டால் இரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடும். குழந்தை பிறந்தவுடன் தொடையில் போடும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் ஊசி அதைப் பெருமளவு தடுக்கிறது. அப்படியும் நிற்காவிட்டால் நரம்பில் ஏற்றும் மருந்து, ரத்தம், அறுவை அரங்கம் தேவை. 2018-ல் திருப்பூரில் காணொளி பார்த்து வீட்டிலேயே பிரசவம் செய்துகொண்ட ஒரு இளம் தாய் இறந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கலாம். படித்த குடும்பம், நல்ல எண்ணம், இயற்கை முறை மேல் நம்பிக்கை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் செவிலியர்களில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மருத்துவச்சிகளைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் வேலைக்கு வந்தபோது எங்கள் பக்கத்தில் பாதிக்கு மேல் பிரசவம் அவர்கள் கையில்தான். வயிற்றைத் தொட்டே குழந்தை எப்படிக் கிடக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். நடு ராத்திரியில் கூப்பிட்டாலும் வருவார்கள், பழைய சேலையும் ஒரு படி நெல்லும் வாங்கிக்கொண்டு போவார்கள். பிரசவப் பெண்ணை மல்லாக்கப் படுக்க வைக்காமல் நடக்க விடுவது, உட்கார்ந்தோ முட்டி போட்டோ முக்கச் சொல்வது, தாயோ அக்காவோ முதுகை நீவிக்கொண்டு கூடவே இருப்பது, இதெல்லாம் அவர்கள் செய்ததுதான். வலி நேரத்தில் விருப்பப்பட்ட துணை, விருப்பப்பட்ட நிலை இரண்டையும் இப்போது உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. அவர்களிடம் இல்லாதது ரத்தமும் ஊசியும்தான்.

உங்கள் கோபத்தில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் வயிற்றைக் கிழித்துவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8 சதவீதம். இவ்வளவும் தேவையால் நடப்பவை என்று என்னால் சொல்ல முடியாது. மக்கள்தொகை அளவில் 10 சதவீதத்துக்கு மேல் சிசேரியன் கூடுவதால் தாய் சேய் மரணம் குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம்முடையது அதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். இது சரி செய்ய வேண்டிய பெரிய தவறு. ஆனால் அதற்காக வீட்டில் பிரசவம் பார்ப்பது சரியாகிவிடாது. சுகப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் இடத்தைத் தேடுங்கள். 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியர்கள் பிரசவம் பார்க்கிறார்கள். சிக்கல் என்றால் 108-ல் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

சரி, இப்போது உங்கள் சர்க்கரை. இந்த இடத்தில் உங்கள் பக்கம் நிறைய உண்மை இருக்கிறது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு உங்களைப் போல ஆரம்பக் கட்டம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் கிராமங்களில் சர்க்கரை என்றால் பண்ணைக்காரர் வீட்டு வியாதி. ஓய்வு பெறும்போது நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் வரிசையில் நின்று மாத்திரை வாங்கிப் போனார்கள். காரணங்களில் சந்தேகமே இல்லாதவை சில உண்டு. உடல் உழைப்பு போய்விட்டது. மூன்று வேளையும் வெள்ளை அரிசி வந்துவிட்டது. இடுப்பில் கொழுப்பு ஏறிவிட்டது.

ஆனால் உங்கள் பாட்டிக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. யாரும் அளந்து பார்க்கவில்லை. திடீரென்று கை கால் விழுந்தவரை வாதம் வந்துவிட்டது என்றார்கள். காலில் ஆறாத புண்ணோடு போனவரைப் புண் வைத்துச் செத்தார் என்றார்கள். அவற்றில் எத்தனை ரத்த அழுத்தம், எத்தனை சர்க்கரை என்று யாருக்கும் தெரியாது. நோய் அப்போது குறைவு என்பது நிச்சயம். அறவே இல்லை என்பது சந்தேகம். கேழ்வரகும் கம்பும் சாப்பிட்டால் சர்க்கரை ஓடிவிடும் என்பதும் சந்தேகம்தான். எங்கள் தர்மபுரிப் பக்கம் கேழ்வரகுக் களிதான் முக்கிய ஆகாரம். காலையில் ஒரு உருண்டை களியைக் கீரைக் கடைசலோடு விழுங்கிவிட்டு, மத்தியானம் வரை மண்வெட்டி பிடித்தார்கள். நடந்தே சந்தைக்குப் போனார்கள். இருட்டுவதற்குள் சாப்பிட்டுப் படுத்தார்கள். அந்த மண்வெட்டியை விட்டுவிட்டுக் களியை மட்டும், அதிலும் நைசாக அரைத்த மாவில் கூழாகக் காய்ச்சி வயிறு முட்டக் குடித்தால், சர்க்கரை நன்றாகவே ஏறும். குளுக்கோமீட்டரில் நான் நிறையப் பேருக்குப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு நம்பிக்கை தரும் சேதி ஒன்று. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு உங்களைப் போன்ற ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களை மூன்று வருஷம் கண்காணித்து 2006-ல் முடிவை வெளியிட்டது. தினமும் அரை மணி நேரமாவது விறுவிறு நடை, சாப்பாட்டில் அரிசியையும் இனிப்பையும் எண்ணெயையும் குறைப்பது, இவ்வளவுதான் அவர்களில் ஒரு குழுவுக்குச் சொன்னது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற குழுவோடு ஒப்பிட்டால், இவர்களில் சர்க்கரை நோயாக முற்றியவர்கள் சுமார் 28 சதவீதம் குறைவு. மாத்திரை கொடுத்த குழுவிலும் கிட்டத்தட்ட அதே பலன்தான். அவர்கள் ஊரை விட்டோ வேலையை விட்டோ போகவில்லை. பட்டணத்தில் வேலை பார்த்துக்கொண்டே செய்தவர்கள்.

ஊர் வாழ்க்கை பற்றி எழுதும்போது அம்மி, உரல், விறகடுப்பு, மண்சட்டி என்று ஆசையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சமையல் ருசி எனக்கும் நாக்கில் இருக்கிறது. ஆனால் அதை அரைத்தது யார்? ஈர விறகை ஊதி ஊதி, புகையில் கண் சிவந்து உட்கார்ந்திருந்தது யார்? பீடி, சுருட்டு எதையும் தொடாத அம்மாக்கள் 50 வயதில் நாலு படி ஏற முடியாமல் இளைப்பதை நான் வீடு வீடாகப் பார்த்தேன். அடுப்புப் புகைதான் முக்கியக் காரணம். கைக்குழந்தைகளுக்கு நிமோனியா வருவதற்கும் அந்தப் புகை ஒரு காரணம். எல்லாருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டவர்களும் அவர்கள்தான். பெண்களின் ரத்தசோகை இன்றும் தீரவில்லை, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இருக்கிறது. வீட்டுக்கு கேஸ் அடுப்பும், அப்புறம் 2011-க்குப் பிறகு மிக்சி, கிரைண்டரும் வந்தபோது, "முதுகு நிமிர்ந்துச்சு சிஸ்டர்" என்று ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பெண் குழந்தை என்றால் அந்த வாழ்க்கை இன்னும் கொடுமை. பெண் சிசுவைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப் போகட்டும் என்று, பக்கத்துச் சேலத்தில் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டி வந்தது. பிறக்கப்போகிறது மகளாக இருந்தால் எந்தக் காலத்தில் அவள் பிறக்க வேண்டும் என்று ஆசைப்படுவீர்கள்?

நாம் நிஜமாகவே இழந்தது ஒன்று உண்டு. மனிதர்கள். பிரசவமான பெண்ணுக்கு அப்போது சுற்றிலும் ஆள் இருந்தது. ஒருத்தி தண்ணீர் ஊற்றுவாள், ஒருத்தி பத்தியக் குழம்பு வைப்பாள், ஒருத்தி குழந்தையை வாங்கிக்கொண்டு தாயைத் தூங்கச் சொல்வாள். அடுக்குமாடி வீட்டில் பத்தாம் நாளே தனியாக இருந்துகொண்டு, குழந்தையும் அழ, தானும் அழும் பெண்களை என் கடைசி வருஷங்களில் நிறையப் பார்த்தேன். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு உண்மையான நோய். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் தூக்கமின்மையும் நீடித்தால் டாக்டரிடம் போக வேண்டும். ஆனால் கூட ஆள் இருந்தாலே பாதிப் பாரம் குறையும். அந்தக் காலத்தில் எல்லாரும் இப்போதைவிடச் சந்தோஷமாக இருந்தார்களா என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை. நாம் குழந்தையாக இருந்த வீடு நமக்குச் சந்தோஷமாகத்தான் தெரியும். அதே வீட்டில் மருமகளாக இருந்தவரிடம் கேட்டால் வேறு கதை வரலாம்.

ஆகவே ஊருக்குப் போக ஆசை என்றால் தாராளமாகப் போங்கள். வீட்டிலிருந்தே வேலை செய்ய விடுவார்களா என்று முதலில் கேளுங்கள், வேலையை விடும் யோசனை அப்புறம் இருக்கட்டும். உங்கள் மனைவிக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனை ஏற்கெனவே எடுத்திருப்பார்கள். எடுத்து நார்மல் என்று வந்திருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி எடுக்க வேண்டும். ஊர் மாறினால் அங்கே உள்ள கிராம சுகாதார செவிலியரிடம் தாய் சேய் நல அட்டையைக் காட்டுங்கள். பதிவு எண் அதிலேயே இருக்கும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். ஊரிலிருந்து சிசேரியனும் ரத்தமும் உள்ள ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், ராத்திரியில் போக எவ்வளவு நேரமாகும் என்று நீங்களே ஒரு தடவை வண்டியில் போய்ப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் கடைசி மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உறவுக்காரர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவையோ மாமியாரையோ பிரசவத்துக்குப் பிறகு மூன்று மாதமாவது கூட இருக்கச் சொல்லி இப்போதே பேசி வையுங்கள். உங்கள் சர்க்கரைக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையை மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அதுவரை தினமும் ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துவிட்டு மனைவியோடு நடங்கள். கர்ப்பிணிக்கும் நடப்பது நல்லதுதான், மூச்சு வாங்காத வேகத்தில்.